ஜன்னல் வைக்கக் கற்றவர்கள்

கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதப் பழகுகிறவர்கள் முதல் நாள் எழுதுவது எது என்று கேட்டால், எந்த தேசத்திலும் ஒரே பதில்தான் கிடைக்கும். திரையிலே உலகத்துக்கு ஒரு வணக்கம் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். 1978ஆம் வருஷம் பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் ஸி மொழியைப் பற்றி எழுதிய மெல்லிய புத்தகம் இந்த வழக்கத்தை ஊரெல்லாம் பரப்பிவிட்டது. நாம் கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போடுகிறோம் அல்லவா, அது மாதிரி. நாலைந்து வரியில் காரியம் முடிந்துவிடும்.

1985 நவம்பரில் மைக்ரோஸாப்ட் கம்பெனி விண்டோஸ் என்ற புதுச் சரக்கைக் கடைக்கு அனுப்பியது. அதற்குப் புரோகிராம் எழுத விரும்புகிறவர்களுக்கென்று தனியாக ஒரு கருவிப் பெட்டியும் தயார் செய்தது. அந்தப் பெட்டியிலும் மாதிரிக்கு ஒரு வணக்கப் புரோகிராம் இருந்தது. அதன் நீளம் சுமார் 150 வரி! அது போதாதென்று பக்கத்தில் வைக்க இன்னும் ஓர் இருபது வரி. வணக்கம் சொல்லவே இத்தனை வரி என்றால் குசலம் விசாரிக்க எத்தனை ஆகும் என்று பார்த்தவர்கள் மலைத்துப் போனார்கள். இந்தத் தொழிலுக்கே வரவேண்டாம் என்று பெட்டியை மூடி வைத்தவர்களும் உண்டு.

150 வரிகளும் வெறும் வீண் என்று சொல்லிவிட முடியாது. கொஞ்சம் யோசித்தால் காரணம் புலப்படும். அந்தக் காரணத்தில்தான் இந்தச் சரித்திரத்தின் சாரமே இருக்கிறது.

பழைய புரோகிராம் கதாகாலட்சேபம் போன்றது. பாகவதர் மேடையில் உட்கார்ந்தால் எங்கே ஆரம்பிப்பது, எங்கே பாடுவது, எங்கே மங்களம் என்பதெல்லாம் அவர் இஷ்டம். கம்ப்யூட்டர் "பெயர் என்ன?" என்று கேட்கும். எதிரே இருப்பவர் பெயரைத் தட்டும் வரையில் வேறொன்றும் நடக்காது. பிறகு வயது, பிறகு விலாசம். குறுக்கே கேள்வி கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

ஜன்னலும் மௌஸும் வந்த பிறகு அந்த மேடை மளிகைக் கடையாக மாறிவிட்டது. கடையைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். வருகிறவர் உப்புக் கேட்பாரோ, புளி கேட்பாரோ, விலை விசாரித்துவிட்டுப் போய்விடுவாரோ, யார் கண்டார்கள்? மௌஸ் நகர்ந்தால் ஒரு செய்தி வரும். அதை அழுத்தினால் ஒரு செய்தி. ஜன்னலைப் பெரிதாக்கினால் ஒரு செய்தி. வந்த செய்திகளெல்லாம் வரிசையில் நிற்கும். புரோகிராம் ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்லி அனுப்ப வேண்டும். இதிலே புதிதாக வந்தவர்களைத் திணற அடித்த சங்கதி ஒன்று உண்டு. உங்கள் ஜன்னலில் அழகாக ஒரு படம் வரைந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேறொரு ஜன்னல் அதன் மேல் வந்து உட்கார்ந்துவிட்டு எழுந்து போனால், நீங்கள் வரைந்தது அங்கே இராது. அதைப் பத்திரப்படுத்தி வைக்க அக்காலத்து மெஷினில் இடம் கிடையாது. "உன் ஜன்னலின் இந்த மூலை அழிந்துவிட்டது, மறுபடியும் வரைந்துகொள்" என்று விண்டோஸிடமிருந்து ஒரு செய்திதான் வரும். எந்த நிமிஷமும் கோலத்தை மறுபடி போடத் தயாராக இருக்க வேண்டும்.

கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சங்கடம் நன்றாகவே விளங்கும். வாசகர் எந்த அத்தியாயத்தை எப்போது பிரிப்பார், நடுவிலே எதைக் கிழிப்பார் என்று தெரியாமல் ஒரு நாவலை எழுதச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட நாவலை எழுதத்தான் அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. எந்தக் கருவியை வாங்குவது, எந்தப் புத்தகத்தைப் படிப்பது என்பதற்கு வழிகாட்டியும் இல்லை. தவறான கருவியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு நாலைந்து வருஷ உழைப்பு போயிற்று; சில கம்பெனிகளுக்குக் குடியே முழுகிப் போயிற்று.

வேடிக்கை என்னவென்றால், ஜன்னல்களை முதலில் கற்பனை செய்தவர்கள் குழந்தைகளை மனத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தவர்கள். கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்ற ஊரில் ஸெராக்ஸ் கம்பெனி 1970ல் ஓர் ஆராய்ச்சிக்கூடம் திறந்தது. அங்கே 1973ல் ஆல்டோ என்ற கம்ப்யூட்டர் உருவாயிற்று. அலன் கே என்பவரும் டான் இங்கால்ஸும் அடேல் கோல்ட்பர்க் அம்மையாரும் மற்றவர்களும் சேர்ந்து ஸ்மால்டாக் என்ற மொழியை அமைத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டி வந்து அந்த மொழியில் புரோகிராம் எழுதச் சொல்லிப் பார்த்தார்கள், பிள்ளைகளும் எழுதினார்கள். 1979 டிசம்பரில் ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ் அங்கே வந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் கண்ணில் ஜன்னல்களும் மௌஸும் பட்டன. பிள்ளைகள் புரோகிராம் எழுதிய சங்கதி மட்டும் ஏனோ படவில்லை.

1984 ஜனவரியில் ஆப்பிளின் மாக்கின்டாஷ் வெளிவந்தது. விலை 2,495 டாலர். உபயோகிக்கிறவருக்கு அதைவிட எளிமையான மெஷின் அதுவரை கிடையாது. அதற்குப் புரோகிராம் எழுத வேண்டும் என்றாலோ, ஆரம்ப காலத்தில் அந்த மெஷினே உதவாது! லிசா என்ற அதன் அக்காவை வாங்க வேண்டும். அந்த லிசா முந்தின வருஷம் கடைக்கு வந்தபோது 9,995 டாலர் விலை வைத்திருந்தார்கள். லிசாவில் பாஸ்கல் மொழியில் எழுதி, பிளாப்பி வட்டில் ஏற்றி, மாக்கின்டாஷுக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடாவிட்டால் திரும்பவும் லிசாவிடம் போக வேண்டும். சமையல் ஒரு வீட்டிலும் சாப்பாடு இன்னொரு வீட்டிலுமாக நடந்த குடித்தனம் அது.

மாக்கின்டாஷின் ஞாபகசக்தி 128 கிலோபைட். அதற்குள் எல்லாம் அடங்க வேண்டும். கல்யாண வீட்டில் இடம் போதாமல் விருந்தாளியின் படுக்கையை அறைக்கு அறை மாற்றிப் போடுகிறோம் அல்லவா? அந்த மெஷினும் தகவல்களை அவ்வப்போது இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். ஆகையால் விருந்தாளி இருக்கும் அறையின் நம்பரைக் குறித்துக்கொண்டு பிரயோஜனமில்லை. நம்பரை எழுதி வைத்திருக்கும் பலகை எங்கே இருக்கிறது என்பதைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். இதை மறந்து பழைய நம்பரையே நம்பிக் கதவைத் தட்டினால் புரோகிராம் நின்றுவிடும். திரையில் வெடிகுண்டுப் படம் ஒன்று தோன்றும்.

இத்தனையையும் விளக்க ஒரு புத்தகம் வேண்டுமே. அதன் பெயர் 'இன்சைட் மாக்கின்டாஷ்'. முதலில் தனித்தனித் தாள்களாக வந்தது. 1985ல் டெலிபோன் டைரக்டரி மாதிரி மலிவுக் காகிதத்தில் தடித்த பதிப்பாக ஒன்று வந்தது. அதே வருஷம் அட்டை கட்டிய பாகங்களாகவும் வெளியாயிற்று. அதில் எந்த அத்தியாயம் புரிய வேண்டுமானாலும் மற்ற அத்தியாயங்களெல்லாம் முன்பே புரிந்திருக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் பரிகாசம் செய்வார்கள். பரிகாசம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் புத்தகம் எழுதப்பட்ட கதையைக் கேட்டால் அதன்மேல் மரியாதை உண்டாகிறது.

பெரும்பகுதியை எழுதியவர் கரோலின் ரோஸ் என்ற அம்மையார். மாக்கின்டாஷின் உள்வேலைகளை அமைத்தவர்களில் முக்கியமானவர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட். அவர் வேலையை முடித்ததும் அம்மையார் நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்து கேள்வி கேட்பார். இது ஏன் இப்படி? அது நடந்தால் இது என்ன ஆகும்? விடவே மாட்டார். முதலில் ஹெர்ட்ஸ்ஃபெல்டுக்குத் தொந்தரவாகத்தான் இருந்திருக்கும். போகப் போக அவருக்கு ஓர் உண்மை விளங்கிற்று. அம்மையாருக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்றால், பெரும்பாலும் தவறு அம்மையாரிடம் இல்லை. தாம் செய்த அமைப்பிலேயே கோணல் இருக்கிறது. பல சமயங்களில், "நாளைக்கு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, அன்று ராத்திரியே அமைப்பைத் திருத்திவிடுவாராம். மறுநாள் விளக்குவதற்குச் சிரமமே இராது.

எழுத்தாளன் கேள்வி கேட்டதனால் யந்திரம் திருந்திய சந்தர்ப்பம் சரித்திரத்தில் அதிகம் இராது என்று நினைக்கிறேன். பொருளைச் செய்து முடித்த பிறகு, "இதைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள்" என்று எழுத்தாளனைக் கூப்பிடுவதுதான் உலக வழக்கம்.

விண்டோஸ் பக்கத்தில் அப்படி ஓர் அம்மையார் வாய்க்கவில்லை. தடித்தடியான குறிப்பேடுகள் இருந்தன. எந்தக் கட்டளை என்ன செய்யும் என்று அகராதி மாதிரி வரிசைப்படுத்தியிருந்தார்கள். அகராதியைப் படித்துவிட்டுக் கவிதை எழுதுகிறவர் யார்? கருவிகளும் அப்படித்தான். ஸி மொழிக் கம்பைலர் வேண்டும். அது தனிச் செலவு. பிழை எங்கே என்று தேடுவதற்குப் பக்கத்தில் இன்னொரு திரையைக் கம்பி வழியாக இணைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஏனென்றால் முதல் திரை முழுவதையும் விண்டோஸ் எடுத்துக்கொண்டுவிடும். கடைகளில் விண்டோஸ் விற்பனையோ மந்தம். யாரும் வாங்காத சரக்குக்கு எவன் உயிரைக் கொடுத்துப் புரோகிராம் எழுதுவான்?

சார்லஸ் பெட்சோல்ட் என்பவர் எழுதினார். 1986 டிசம்பரில் மைக்ரோஸாப்டின் தொழில் பத்திரிகை ஒன்றில், விண்டோஸுக்குப் புரோகிராம் எழுதுவது எப்படி என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்த விஷயத்தைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் வந்த முதல் கட்டுரை அதுதான் என்று சொல்லுகிறார்கள். 1988ல் 'புரோகிராமிங் விண்டோஸ்' என்ற புத்தகம் வந்தது. அகராதிப் போக்கை அவர் விட்டுவிட்டார். சின்னச் சின்ன முழுப் புரோகிராம்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து, வாசகரின் கையைப் பிடித்துப் படி ஏற்றினார். ஜன்னல் என்பது என்ன, செய்தி எங்கிருந்து வருகிறது, அழிந்த மூலையை மறுபடி வரைவது எப்படி என்று நிதானமாகச் சொன்னார். வணக்கப் புரோகிராமும் கணிசமாக இளைத்தது. சந்தேகம் என்று யாராவது வாய் திறந்தால், "பெட்சோல்டில் பார்" என்று பதில் வரும் அளவுக்கு அந்தப் பெயர் பிரபலமாயிற்று. மனிதர் தம் கையிலேயே விண்டோஸ் சின்னத்தைப் பச்சை குத்திக்கொண்டவர் என்றால் பக்தியை அளந்துகொள்ளலாம்.

நடுவிலே பெயர் வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்து விண்டோஸ் புரோகிராம்களில் பெயர்களைப் பார்த்தால் வாயில் நுழையாது. முன்னால் நாலைந்து மெய்யெழுத்துகளைக் கட்டி, பின்னால் பெயரை ஒட்டியிருப்பார்கள். அது எந்த வகைப் பொருள் என்பதைக் காட்டும் முத்திரை அது. யுக்தி சார்லஸ் சிமோன்யியுடையது. அவர் புடாபெஸ்டில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். ஸெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்துவிட்டு 1981ல் மைக்ரோஸாப்டில் சேர்ந்தார். அதனால் அதற்கு ஹங்கேரிய முறை என்றே பெயர் வந்தது. ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முதலில் சொல்லித் தங்கள் பெயரைப் பின்னால் சொல்லுவார்கள். தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்ளும் நமக்கு இது விசித்திரமாகப் படக் காரணமில்லை. ஆனாலும் கண்ணுக்கு அழகாக இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி, குடி முழுகிய கதைக்கு வருவோம்.

1987 ஏப்ரலில் ஐ.பி.எம்.மும் மைக்ரோஸாப்டும் கூட்டாக ஓ.எஸ். 2 என்ற புது ஏற்பாட்டை அறிவித்தன. வருங்காலம் இதுதான் என்று இரண்டு கம்பெனியும் அடித்துச் சொல்லின. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கான கருவித் தொகுதி 3,000 டாலர். அதன் ஜன்னல் பகுதி 1988 கடைசியில்தான் வந்து சேர்ந்தது. பெட்சோல்டே அதைப் பற்றி 1989ல் ஒரு புத்தகம் எழுதினார் என்றால் ஊர் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று தெரியும்.

இங்கே ஒரு விபரீதம். ஓ.எஸ். 2 ஜன்னலும் விண்டோஸ் ஜன்னலும் பார்வைக்கு ஒரே அச்சு. உள்ளே வேறு வேறு. கட்டளைகளின் பெயர் வேறு. விண்டோஸில் திரையின் இடத்தை மேல் இடது மூலையிலிருந்து கீழ்நோக்கி அளக்க வேண்டும், ஓ.எஸ். 2வில் கீழ் இடது மூலையிலிருந்து மேல்நோக்கி அளக்க வேண்டும். கணித சாஸ்திரப்படி பின்னதுதான் சரி என்று யாரோ வாதாடி ஜயித்திருக்கிறார்கள். ஆகவே ஒன்றுக்கு எழுதியதை இன்னொன்றுக்கு அப்படியே மாற்றிப் போட முடியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

கணக்குத் தாள் வியாபாரத்தில் அப்போது லோட்டஸ்தான் ராஜா. கடிதம் எழுதும் புரோகிராமில் வேர்ட் பெர்ஃபெக்ட் ராஜா. இருவரும் ஓ.எஸ். 2 பக்கம் திரும்பினார்கள். பெரியவர்கள் இருவர் சேர்ந்து கைநீட்டிக் காட்டிய வழி அல்லவா?

1988 கோடையில் மைக்ரோஸாப்டுக்குள் ஒரு சிறு சம்பவம் நடந்தது. முர்ரே சார்ஜென்ட் என்ற பௌதிகப் பேராசிரியர் அங்கே வந்திருந்தார். லேசர் ஒளியைப் பற்றி ஆராய்கிறவர். பொழுதுபோக்காகப் பிழை தேடும் கருவி ஒன்றைத் தாமே எழுதி வைத்திருந்தார். விண்டோஸ் கோஷ்டியைச் சேர்ந்த டேவிட் வைஸ் என்பவரும் அவரும் ஒரு விருந்தில் பேச்சுக் கொடுத்தார்கள். 640 கிலோபைட் என்ற பழைய வேலியைத் தாண்டி விண்டோஸை ஓட்டலாமா என்று அவர்களுக்குத் தோன்றிற்று. பேராசிரியரின் கருவியைத் துணையாக வைத்துக்கொண்டு வைஸ் இரவு பகலாக முயன்றார், ஓடிவிட்டது! அந்த வேலையிலிருந்து வளர்ந்ததுதான் 1990 மே 22ஆம் தேதி வெளிவந்த விண்டோஸ் 3.0. அது லட்சக்கணக்கில் விற்றது. ஐ.பி.எம். கூட்டு பிறகு முறிந்தது.

லோட்டஸின் விண்டோஸ் கணக்குத் தாளும் வேர்ட் பெர்ஃபெக்டின் விண்டோஸ் பதிப்பும் 1991ல்தான் தலைகாட்டின. மைக்ரோஸாப்டின் எக்செல் 1987லிருந்தே விண்டோஸில் இருந்தது. வேர்டும் 1989ல் வந்துவிட்டது. 1994ல் வேர்ட் பெர்ஃபெக்ட் நோவெல் கம்பெனிக்கு விலை போயிற்று. மறு வருஷம் லோட்டஸை ஐ.பி.எம். 350 கோடி டாலர் கொடுத்து வாங்கிற்று.

வேண்டுமென்றே வழி தவறிக் காட்டினார்கள் என்று இன்றும் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாங்களும் ஓ.எஸ். 2வில் பணத்தையும் ஆட்களையும் கொட்டியிருந்தார்கள். சதி செய்கிறவன் இவ்வளவு செலவு செய்யமாட்டான். வழி காட்டியவர்களுக்கே வழி தெரியவில்லை என்பதுதான் நிஜம். ஆனால் நம்பி நடந்தவர்களின் காலில் தைத்த முள் அதனால் வலிக்காமல் போய்விடுமா?

150 வரி விவகாரம் என்ன ஆயிற்று என்று கேட்கலாம். அதைத் தீர்த்தவர்கள் பெரிய கம்பெனிகளின் பெரிய திட்டக்காரர்கள் அல்ல. மாக்கின்டாஷில் பில் ஆட்கின்ஸன் 1987ல் ஹைப்பர்கார்டு என்ற ஒன்றைச் செய்தார். சீட்டுக் கட்டு மாதிரி அட்டைகள். அட்டையின் மேல் பொத்தான்கள். பேச்சு வழக்குக்குக் கிட்டத்தட்ட ஒரு மொழி. மெஷினோடு இலவசமாகக் கொடுத்தால்தான் தருவேன் என்று அவர் ஆப்பிளிடம் பிடிவாதம் செய்ததாகச் சொல்வார்கள். பள்ளி ஆசிரியர்களெல்லாம் அதில் புரோகிராம் எழுதினார்கள். 2004ல் ஆப்பிள் அதன் விற்பனையை நிறுத்தியது. ஆட்கின்ஸன் 2025ல் காலமானார்.

விண்டோஸ் பக்கத்தில் அலன் கூப்பர் என்பவர் தனியாக உட்கார்ந்து ஒரு விளையாட்டுச் சாமான் மாதிரி செய்துகொண்டிருந்தார். பொத்தான், பட்டியல், எழுதும் கட்டம் ஆகியவற்றை மௌஸால் இழுத்து ஜன்னலில் ஒட்டிக்கொள்ளலாம். 1988ல் பில் கேட்ஸிடம் காட்டினார், மைக்ரோஸாப்ட் வாங்கிக்கொண்டது. அதோடு பேஸிக் மொழியைப் பிணைத்தார்கள். 1964ல் டார்ட்மத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்ற இரண்டு கணித ஆசிரியர்கள், விஞ்ஞானம் படிக்காத மாணவர்களுக்கும் எட்டட்டும் என்று அமைத்த மொழி அது. 1991 மே 20ஆம் தேதி அட்லாண்டா நகரத்தில் விஷுவல் பேஸிக் என்ற பெயரில் வெளியாயிற்று. ஒரு பொத்தானை ஜன்னலில் ஒட்டி, அதன் மேல் இரண்டு தட்டுத் தட்டி, ஒரே ஒரு வரி எழுதினால் போதும், வணக்கம் வந்துவிடும்.

ஸி மொழிக்காரர்கள் இகழ்ந்தார்கள். இதெல்லாம் புரோகிராமா, பொம்மை என்றார்கள். கஷ்டப்பட்டு மலையேறியவனுக்குப் பக்கத்திலேயே ரோடு போட்டால் கோபம் வராதா? ஆனால் ஆபீஸ் குமாஸ்தாவும் கிடங்குக் கணக்கரும் அந்த ரோட்டில் ஏறி வந்து தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். அதற்கான எழுது கருவியை ஆதரிப்பதை மைக்ரோஸாப்ட் 2008ல் நிறுத்திவிட்ட போதிலும், அதில் எழுதிய பழைய புரோகிராம்கள் ஓடுவதற்கு வேண்டிய துணைக் கோப்புகளை மட்டும் விண்டோஸிலிருந்து எடுக்கவில்லை.

போர்லண்ட் கம்பெனியைச் சொல்லாமல் விட்டால் பாவம். பிலிப் கான் நடத்திய அந்தக் கம்பெனி 1983ல் டர்போ பாஸ்கல் என்ற கருவியை 49 டாலர் 95 சென்டுக்கு விற்றது. மற்றவர்கள் நூற்றுக்கணக்கில் கேட்ட காலம். எழுதியவர் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் என்ற டென்மார்க் இளைஞர். அதன் உரிமைப் பத்திரத்தில் வக்கீல் பாஷை இல்லை. இதை ஒரு புத்தகம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்; யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் படிக்கக்கூடாது என்கிற தோரணையில் இருந்தது. புத்தகம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிடச் சந்தோஷமான உவமை வேறென்ன? அதே ஹெய்ல்ஸ்பெர்க் முன்னின்று செய்த டெல்ஃபை 1995ல் வந்தது. இழுத்து ஒட்டும் சௌகரியமும் உண்டு, வேகமும் உண்டு. என் கட்சியைக் கேட்டால் இவற்றில் எல்லாம் சிறந்தது அதுதான் என்பேன். சிறந்தது நின்றுவிடும் என்று யார் சொன்னார்கள்?

பெட்சோல்டின் புத்தகம் 1998ல் ஐந்தாம் பதிப்பாக வந்தபோது சுமார் 1500 பக்கத்துக்குப் பெருத்திருந்தது. அதிலும் ஸி மொழிதான். பிறகு வெகுகாலம் கழித்து, விண்டோஸ் 8 வந்த சமயத்தில், ஆறாம் பதிப்பை அவர் புதிதாகவே எழுதினார். அதில் உபயோகித்த மொழி ஸி அல்ல, ஸி ஷார்ப். 1996ல் போர்லண்டை விட்டு மைக்ரோஸாப்டில் சேர்ந்த ஹெய்ல்ஸ்பெர்க் அமைத்த மொழி.